நடுத்தர பிக்அப்பும் நாலாயிரம் பவுண்டு படகும்

அரிசோனா மாநிலத்தின் புல்ஹெட் சிட்டியிலிருந்து கிழக்கே மலையேறுகிறது 68ஆம் எண் நெடுஞ்சாலை. அருகில் கொலராடோ ஆற்றை மறித்து நிற்கும் டேவிஸ் அணையின் பெயராலேயே அமெரிக்க வாகனப் பொறியாளர்கள் அந்த ஏற்றத்தைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு பிக்அப்பின் இழுவைத் திறனை அறிவிக்க எஸ்ஏஇ ஜே2807 என்ற தரமுறை உண்டு. அதன்படி, அறிவிக்கும் எடையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோடை வெயிலில் ஏசியை முழுதாக ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டிய மலை இதுதான். அணைக்குப் பின்னால் தேங்கும் மொகாவி ஏரிக்கு இதே சாலை வழியாகப் படகுகளும் வருகின்றன.

நிறுவனங்கள் தங்களுக்குத் தோன்றிய எண்ணை அச்சிட்டுக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது மிக நேர்மையான ஏற்பாடு. ஆனால் அந்தச் சோதனைக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர்; தலைக்கு 150 பவுண்டு. ஏரிக்குப் போகும் குடும்பம் அப்படிப் போவதில்லை. நடுத்தர பிக்அப் படகு இழுக்கத் தகுந்ததா என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் விடை தேட வேண்டும்.

நிறுவனங்களின் விவர ஏட்டில் உள்ள எண்கள் கவர்ச்சியானவை. இழுவைக்கான வசதிகள் பொருத்திய ஃபோர்டு ரேஞ்சருக்கு 7,500 பவுண்டு, செவர்லே கொலராடோவுக்கும் ஜீப் கிளாடியேட்டருக்கும் 7,700, டொயோட்டா டகோமாவுக்கு ஏறக்குறைய 6,500, ஹோண்டா ரிட்ஜ்லைனுக்கு 5,000. இவற்றைப் பார்ப்பவர்கள் முதலில் என்ஜினைத்தான் சந்தேகிக்கிறார்கள். கணக்குப் போட்டால் அந்தச் சந்தேகம் நிற்பதில்லை. ஆட்களோடு வண்டி, எரிபொருள் நிரம்பிய படகு, டிரெய்லர் எல்லாம் சேர்த்து 9,600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நூறு அடிக்கு ஆறடி உயரும் சரிவில் மணிக்கு 55 மைல் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் சுமார் 84 குதிரைத் திறன் போதும். காற்றுத் தடையையும் டயர் உராய்வையும் சேர்த்தாலும், 270 குதிரைத் திறன் கொண்ட இன்றைய என்ஜினுக்கு மிச்சம் நிறையவே இருக்கிறது. உயரமான இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் வலுவிழக்கும். சாக்ரமெண்டோவிலிருந்து டாஹோ ஏரிக்குப் போக 7,000 அடிக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். 2023 வரை விற்ற டகோமாவின் வி6 என்ஜின் அங்கே ஐந்தில் ஒரு பங்கைப் பறிகொடுத்துவிட்டு, கியரை மாற்றி மாற்றித் தேடும். அலுப்பான பயணம்தான், ஆபத்தான பயணம் என்று சொல்ல மாட்டேன்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் தெரியும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். நான்கு கதவு டகோமாக்கள் பலவற்றில் அந்த எண் 1,000 முதல் 1,200 வரைதான். டிரெய்லரின் முன்முனை, வண்டியின் பின்புற இணைப்பான ஹிட்சின் மேல் அழுத்தும் எடையும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். விற்பனை நிலையங்களில் இதை யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. அது என்னைக் கோபப்படுத்துகிறது.

21 அடி ஃபைபர்கிளாஸ் உல்லாசப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் காட்டும் எடை 3,400 பவுண்டு இருக்கலாம். அது வெற்றுப் படகின் எடை. இரட்டை அச்சு டிரெய்லர் ஓர் ஆயிரம், 40 கேலன் பெட்ரோல் 240, நங்கூரம், பாட்டரி, உயிர்காப்பு உடுப்புகள் என்று இன்னும் ஒரு 150. மொத்தம் 4,800 பவுண்டை நெருங்குகிறது. டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டாமல் வர, அதில் பத்தில் ஒரு பங்காவது ஹிட்சில் அழுத்த வேண்டும்: 480 பவுண்டு. தாய் தந்தை, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து இன்னொரு 480. ஐஸ் பெட்டி, துணிப்பைகள், பின்தொட்டியின் மூடி 150. ஆக 1,110. ஏட்டின்படி இன்னும் 1,500 பவுண்டுக்கு மேல் இழுக்க இடமிருக்கும் அதே டகோமா, கதவுத் தாளின்படி நிரம்பிவிட்டது. ஹிட்ச் எடையைக் குறைக்கப் படகை டிரெய்லரில் பின்னுக்குத் தள்ளி வைப்பவர்களும் உண்டு. அப்படி வைத்தால், மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது ஒரு பக்கக் காற்று வீசினால் டிரெய்லர் வண்டியையே ஆட்டிவைக்கும்.

இறக்கம் இதைவிடக் கடுமை. ஏறும்போது செலவான அந்த 84 குதிரைத் திறன், அதே வேகத்தில் இறங்கும்போது வெப்பமாகித் தீர வேண்டும். படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது, டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையாலேயே இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினால் வேகத்தைப் பிடித்தால், டிரெய்லர் விடாமல் தள்ளிக்கொண்டே வரும். அதன் பிரேக்கும் விடாமல் தேய்ந்து சூடாகும். இழுக்கும் வண்டி ஆட்களும் சாமானும் இல்லாமல் 4,400 பவுண்டு, இழுபடுவது 4,800. பின்னால் இருப்பது ஏறத்தாழ வண்டியளவு கனமானது என்பதை ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் உணர்வார். 2022 வரை வந்த கொலராடோவின் 2.8 லிட்டர் டீசல் என்ஜினில் புகைபோக்கி வழியே வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் இருந்தது. படகுக்காரர்களுக்கு இந்த வகுப்பில் கிடைத்த ஆகச் சிறந்த என்ஜின் அதுதான் என்பது என் கருத்து. அதை நிறுத்தியது இழப்பு.

எதிர்த்தரப்பு வாதத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படகு தாழ்வானது, கூர்மூக்குடையது. அதே எடையுள்ள பயணவீட்டு டிரெய்லர் சுவர்போல் காற்றை எதிர்க்கும். 4,000 பவுண்டு படகை நிம்மதியாக இழுக்கும் ரேஞ்சர், 4,000 பவுண்டு பயணவீட்டுடன் திணறக்கூடும். படகை நீரில் இறக்கும் சரிவுத்தளத்திலும் நடுத்தர வண்டிக்கே சாதகம்: குறுகலான உடல், எளிதான திருப்பம், பின்னால் பார்ப்பதும் சுலபம். பாசி படிந்த ஈரக் கான்கிரீட்டில் நான்கு சக்கர இயக்கம் மட்டும் கட்டாயம்.

ஆகவே என் தீர்ப்பு: டிரெய்லரும் எரிபொருளும் சேர்த்து 4,000 பவுண்டு, அதாவது சுமார் 1,800 கிலோவரை, நடுத்தர பிக்அப் முழுத் தகுதியுள்ள வண்டி. 16 முதல் 18 அடிவரையுள்ள அலுமினிய மீன்பிடி படகுகளும் 19 அடிக்குட்பட்ட பாஸ் படகுகள் பலவும் இதில் அடங்கும். இவற்றை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய பிக்அப் வீண்செலவு. 4,000க்கும் 5,000க்கும் இடையில், சமவெளியில், பக்கத்து ஏரிக்கு, இருவராகப் போவதானால் சம்மதம், மலைப்பாதைக்குச் சம்மதமில்லை. அலை எழுப்பி விளையாடும் 23 அடி வேக்போர்டு படகு, டிரெய்லரோடு 7,000 பவுண்டைத் தொட்டுவிடும். அதைக் கொலராடோவோ கிளாடியேட்டரோ இழுக்கும் என்று ஏடு சொன்னாலும் நான் மறுக்கிறேன். அங்கே எஃப்-150, சில்வராடோ போன்ற முழு அளவு வண்டியைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் கதவுத் தாளில் 1,500 பவுண்டுக்கு மேல் எழுதியுள்ளதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். படகு ஏற்கெனவே கையில் இருந்தால், வண்டி வாங்குமுன் அதைப் பெட்ரோல் நிரப்பி, சாமான் ஏற்றி, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடலாம், கட்டணம் சொற்பம்தான்.