தூதரக வாசலும் துக்க வீடும்

2001 செப்டம்பர் 11-க்குப் பிந்தைய நாட்களில் லண்டன் கிராஸ்வனர் சதுக்கத்தில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் முன்னே பூங்கொத்துகள் குவிந்தன. மாஸ்கோவிலும் பெர்லினிலும் அதே நிலைதான். 13ஆம் தேதி பக்கிங்காம் அரண்மனைக் காவலர் மாற்றத்தின்போது அரசியின் ஆணைப்படி அமெரிக்க தேசிய கீதம் இசைக்கப்பட்டது. அது அரசு அரசுக்குச் செய்த மரியாதை. தூதரக வாசலுக்கு வந்தவர்களை எவரும் அழைக்கவில்லை, வரிசைப்படுத்தவும் இல்லை. பூவை வைத்தார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள், போய்விட்டார்கள். 2015 நவம்பரில் பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டபோது பிரெஞ்சுத் தூதரகங்களின் முன்னும் இதுவே நடந்தது. இந்த வழக்கத்தை உயர்த்திப் பேசுபவர்களும் இருக்கிறார்கள், பாசாங்கு என்று ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புமே அதைச் சரியாக எடைபோடவில்லை என்பது என் எண்ணம்.

முதல் குற்றச்சாட்டு அரசியல் சார்ந்தது. தூதரகம் என்பது ஓர் அரசின் வாசல். அங்கே பூ வைப்பது அந்த அரசு அடுத்துச் செய்யப்போவதற்கும் சேர்த்துத் தரும் ஒப்புதல் என்கிறார்கள். இதில் உண்மையே இல்லை என்று தள்ள முடியாது. 2001 செப்டம்பர் 12 அன்றே நேட்டோ தன் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவை முதன்முறையாகக் கையிலெடுத்தது. மறுநாள் தேதியிட்ட லெ மோந்த் நாளிதழ், நாம் எல்லோரும் அமெரிக்கர்களே என்று தலையங்கம் தீட்டியது. அக்டோபர் 7-இல் ஆப்கானிஸ்தான் மீது குண்டு விழத் தொடங்கியது. உலகமே எங்களோடு நிற்கிறது என்று சொல்ல நினைக்கும் ஆட்சியாளருக்கு, வாசலில் குவிந்த பூ வசதியான சான்று.

ஆனால் வைத்தவர்கள் அப்படி எண்ணினார்களா? பெர்லினைப் பார்க்கலாம். 2001 செப்டம்பர் 14 அன்று பிராண்டன்பர்க் வாயிலருகே அமெரிக்காவுக்காகத் திரண்டவர்கள் சுமார் 2 லட்சம் பேர். 2003 பிப்ரவரி 15 அன்று அதே நகரத்தின் அதே பகுதியில் இராக் போரை எதிர்த்துத் திரண்டவர்கள் ஏறத்தாழ 5 லட்சம். லண்டனில் அன்று 10 லட்சத்துக்குக் குறையாத கூட்டம், கிராஸ்வனர் சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஹைட் பார்க்கை நிறைத்தது. அந்தச் சதுக்கமே, 1968 மார்ச்சில் வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் குதிரைப் போலீஸோடு மோதிய களம். நம் ஊரில் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள்கூடச் சாவு விழுந்தால் துக்கம் விசாரிக்கப் போகும். போனதால் வழக்கு வாபஸ் ஆகிவிடுவதில்லை. தொலைதூர நாட்டவரின் சாவுக்குத் துக்க வீடு எதுவென்று தெரியாதவர்களுக்குக் கையெட்டும் ஒரே முகவரி தூதரகம்தான். அதனால் முதல் குற்றச்சாட்டு பூவைக் கையாண்ட அரசைச் சாரும். வைத்தவர்களைச் சாராது.

துக்கம் நாடு பார்த்துச் செல்கிறது என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை. பாரிஸுக்கு முதல்நாள், 2015 நவம்பர் 12 அன்று, பெய்ரூத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாரிஸுக்காகப் பாதுகாப்புச் செய்தி வசதியைத் திறந்த ஃபேஸ்புக் பெய்ரூத்துக்காகத் திறக்கவில்லை. எந்த நாட்டு வாசலுக்குப் பூ போகிறது, எதற்குப் போவதில்லை என்பதில் உலகின் பணமும் அதிகாரமும் தெரிகின்றன. தூதரகம் என்ற இடமே துக்கத்தைக் கடவுச்சீட்டுவாரியாகப் பிரிக்கிறது.

அந்தப் பிரிவினை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நைரோபி காட்டுகிறது. 1998 ஆகஸ்ட் 7 அன்று அல்-காய்தா குறிவைத்தது அமெரிக்கத் தூதரகத்தை. இறந்த 213 பேரில் அமெரிக்கர்கள் 12 பேர். ஏனையோர் அநேகமாகக் கென்யர்கள். பக்கத்திலிருந்த உஃபுண்டி கட்டடம் அப்படியே சரிந்தது. முதலில் கேட்ட சத்தம் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடிவந்தவர்களின் கண்களில் அடுத்த நொடி கண்ணாடிச் சிதறல்கள் பாய்ந்தன. அந்த ஒரு காலையில் பார்வை இழந்தவர்கள் பலர். பிற்பாடு, 2020-இல் இந்தத் தாக்குதல் உள்ளிட்டவற்றுக்கு இழப்பீடாகச் சூடான் 33.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டபோது, அமெரிக்கக் குடியுரிமையோ தூதரக வேலையோ இல்லாமல் தெருவில் போய்க்கொண்டிருந்த கென்யர்கள் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. துக்கத்துக்குத் தூதரகத்தை மையமாக்கினால் அவர்கள் எப்போதும் அக்கம்பக்கத்தார்தான்.

அரசோடு உறவு முறிந்தவர்களுக்கு இந்த வாசல் திறப்பதே இல்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழர், குழந்தைகள் பலர். 2009-இல் இலங்கை அரசுக்கு எதிராக லண்டன் வீதிகளில் வாரக்கணக்கில் நின்ற ஒரு தமிழ்த் தாய், அந்தக் குழந்தைகளுக்காக இலங்கைத் தூதரக வாசலில் எப்படிப் பூ வைப்பார்? அவர் துக்கம் தேவாலயத்துக்குப் போகும், வீட்டுக்குள் அழும். அவர் மனதில் இரக்கம் குறைவு என்று அதற்குப் பொருளில்லை. 2001-இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் இயங்கவே இல்லை. ஆனாலும் மொஹ்சேனி சதுக்கத்தில் இளைஞர்கள் மெழுகுவத்தி ஏற்றி நின்றார்கள். அரசு இல்லாத இடத்தில் மனிதருக்காக மட்டும் அழுத அந்த இரவை, தூதரக அஞ்சலிகளைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு இது: தாக்குதல் நடந்த முதல் சில நாட்களுக்குத் தூதரக வாசல் தகுந்த இடம். நிலையான நினைவுக்கு அது தகாது. வாடிப்போகும் பூவில் உள்ள நேர்மை அது வாடிப்போவதில்தான் இருக்கிறது. நாட்கள் கடந்தும் அந்த வாசலிலேயே நினைவை நிறுத்தினால், அதை எப்போது, எதற்காக எடுத்துக் காட்டுவது என்பதை அந்த வாசலுக்கு உரியவரே முடிவுசெய்வார். செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்த 67 பிரிட்டிஷ்காரர்களுக்கான தோட்டம் 2003-இல் கிராஸ்வனர் சதுக்கத்தில் தூதரகத்துக்கு எதிரே அமைந்தது. 2018-இல் தூதரகம் தேம்ஸ் நதிக்குத் தெற்கே போய்விட்டது, தோட்டம் அங்கேயே இருக்கிறது. நைரோபியிலும் தூதரகம் கிகிரிக்கு மாறிவிட்டது. அது நின்ற மண்ணில் இன்று ஆகஸ்ட் 7 நினைவுப் பூங்கா இருக்கிறது. கட்டடத்துக்குள் வேலை பார்த்தவரும் வெளியே பேருந்துக்குக் காத்திருந்தவரும் அங்குள்ள நினைவுக் கல்லில் ஒன்றாகவே பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். இழப்பீட்டுப் பட்டியலும் அந்தக் கல்லைப் பார்த்தே எழுதப்பட்டிருக்க வேண்டும்.