நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும்

நன்மைக்கு ஏணியும் தீமைக்குப் பாம்பும் வைத்து ஆடும் விளையாட்டு நமக்குப் புதியதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்து ஆடும் வழக்கம் தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் ஒரு விந்தை உண்டு. ஏணியில் ஏறுபவர் எந்த நற்செயலும் செய்தவரல்லர். பாம்பின் வாயில் விழுபவர் எந்தப் பாவமும் செய்தவரல்லர். எல்லாம் தாயக்கட்டையின் வேலை. அறத்தைப் பற்றிய ஆட்டம்தான் அது. ஆனால் ஆடுபவர் தாமே முடிவு செய்ய அதில் ஒன்றும் கிடையாது.

முடிவு செய்யும் பொறுப்பை ஆடுபவரிடமே கொடுத்தால் என்ன ஆகும்? இக்கேள்வியை எழுப்பும் கணிப்பொறி விளையாட்டுகளுள் பெயர் பெற்ற ஒன்று 'மாஸ் எஃபெக்ட்'. கனடாவின் எட்மண்டன் நகரிலுள்ள பயோவேர் நிறுவனம் இதை உருவாக்கியது. முதல் பாகம் 2007-இலும், இரண்டாம் பாகம் 2010-இலும், மூன்றாம் பாகம் 2012-இலும் வெளிவந்தன. மூன்றையும் மெருகேற்றி ஒரே தொகுப்பாக 2021-இல் மீண்டும் வெளியிட்டார்கள். பிரெஞ்சு பயிலும் புதுவை மாணவர் ஒருவர் இதைப் பிரெஞ்சு மொழியிலேயே ஆடலாம். தமிழில் ஆட வழியில்லை. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது என்று சான்றளிக்கப்பட்டது. ஆகவே சிறுவர்களுக்கு ஏற்றதன்று. எனினும் அறிவியலும் அறமும் சந்திக்கும் இடத்தில் இது எழுப்பும் கேள்விகள், விளையாடாதவர்களும் சிந்திக்கத் தக்கவை.

கதை என்ன?

கி.பி. 2183-ஆம் ஆண்டு. மனிதர்கள் பால்வீதி மண்டலத்தின் பிற அறிவுயிர் இனங்களோடு உறவு கொண்டு வாழ்கிறார்கள். ஆடுபவர் ஏற்கும் பாத்திரம் ஷெப்பர்ட் என்ற தளபதி. அவரை ஆணாகவோ பெண்ணாகவோ நாமே அமைத்துக்கொள்ளலாம். 50,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை 'ரீப்பர்' என்னும் பேரியந்திரங்கள் வந்து, முன்னேறிய நாகரிகங்களை எல்லாம் அழித்துவிட்டுச் செல்கின்றன. அடுத்த வருகை நெருங்கிவிட்டது. ஷெப்பர்ட் 'நார்மண்டி' என்ற விண்கலத்தில் ஏறி, ஒன்றோடொன்று பகைத்து நிற்கும் இனங்களை ஒன்று திரட்ட வேண்டும். வழியில் சுடுவதும் உண்டு. ஆனால் ஆட்டத்தின் உயிர் பேச்சில்தான் இருக்கிறது. யாரிடம் என்ன சொல்வது, யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் நாம் முடிவு செய்கிறோம். முதல் பாகத்தில் எடுத்த முடிவுகள் பதிவாகி, மூன்றாம் பாகம் வரை கூடவே வருகின்றன.

அறிவியல் எவ்வளவு?

விளையாட்டின் பெயருக்கே காரணமான கற்பனை ஒன்று உண்டு. 'சுழித் தனிமம்' போன்ற பொருள்படும் 'எலிமென்ட் ஜீரோ' என்ற பொருளில் மின்சாரத்தைச் செலுத்தினால், சுற்றியுள்ள பொருள்களின் நிறை கூடும் அல்லது குறையும். நிறையைக் குறைத்து, விண்கலங்கள் ஒளியை விட விரைந்து செல்கின்றன.

இயற்பியல் பயிலும் மாணவர் இங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். நிறையைக் குறைத்தால் போதுமா? 'ஃபோட்டான்' எனப்படும் ஒளித்துகளுக்கு ஓய்வு நிறையே கிடையாது. அதுவும்கூட விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. அதற்கு மேல் ஒரு சாண் கூடச் செல்வதில்லை. இதை உணர்ந்துதான் போலும், அந்தப் புலத்தினுள் ஒளியின் வேகமே கூடிவிடுகிறது என்று இன்னொரு கற்பனை விதியையும் சேர்த்திருக்கிறார்கள். மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரு கல்லின் நிறையைப் பாதியாக்கி மாடிக்குத் தூக்கிச் சென்று, பழைய நிறையைத் திரும்பக் கொடுத்துக் கீழே போட்டால், செலவிட்டதைப் போல இரு மடங்கு ஆற்றல் கிடைக்கும். அந்த மிகுதி ஆற்றலை யார் தந்தது? நிறையை மாற்றும் மின்சாரமே அதைத் தந்தாக வேண்டும். இல்லையேல் ஆற்றல் அழிவின்மை விதி அங்கேயே முறிந்துபோகும்.

பாராட்ட வேண்டிய இடமும் உண்டு. நார்மண்டி பகைவர் கண்ணில் படாமல் மறைந்து செல்லும்போது தன் வெப்பத்தை உள்ளேயே சேர்த்து வைக்கிறது. சில மணி நேரத்துக்கு மேல் அப்படி வைத்திருந்தால் உள்ளிருப்போர் வெந்துபோவார்கள். இது நல்ல அறிவியல். விண்வெளியில் காற்றும் நீரும் இல்லாததால் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் அம்மோனியா ஓடும் பெரிய தகடுகள் இதற்காகவே பொருத்தப்பட்டுள்ளன.

புள்ளிக் கணக்கு

இனி அறத்துக்கு வருவோம். பெருந்தன்மையாக நடந்தால் நீலப் புள்ளி. முரட்டுத்தனமாக நடந்தால் சிவப்புப் புள்ளி. முதல் இரண்டு பாகங்களில், ஒரு நிறத்தில் புள்ளிகள் போதிய அளவு சேர்ந்தால்தான், சிக்கலான இடங்களில் அந்த நிறத்துக்குரிய சிறப்புப் பேச்சு திறக்கும். இந்த விளையாட்டின் பெருங்குறை இதுவே. ஆடுபவர் விரைவில் என்ன கற்றுக்கொள்கிறார்? ஒவ்வொரு சிக்கலையும் அதனதன் நியாயத்தை வைத்து எடைபோட வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே ஒரு நிறத்தைத் தேர்ந்துகொண்டு கடைசி வரை அதையே அழுத்தினால் போதும் என்பதைத்தான். இது அறச்சிந்தனை ஆகாது. மளிகைக் கடைப் பற்று வரவு.

பயோவேரில் பணியாற்றிய ஒரு வடிவமைப்பாளர் 2020-இல் ஒரு தகவலைச் சொன்னார். ஆடியவர்களுள் சுமார் 92 சதவீதம் பேர் நீல வழியையே பின்பற்றினார்களாம். தண்டனையே இல்லாத இடத்திலும் மனிதர் நன்மையையே நாடுகிறார்கள் என்று இதைக் கொண்டு மகிழலாமா? அவசரப்படக் கூடாது. அது ஒருவர் சொன்ன கணக்கே தவிர, முறையாக வெளியிடப்பட்ட ஆய்வு அன்று. மேலும், எது நல்லது என்று நிறம் பூசிக் காட்டிவிட்டுப் பரிசும் தந்தால், அங்கே அளக்கப்படுவது ஆடுபவரின் மனச்சான்றா, பரிசின் மேல் உள்ள ஆசையா என்று எப்படிப் பிரித்தறிவது? சோதனைச் சாலையில் இரண்டு காரணிகளை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு விளைவைப் பார்ப்பது போன்ற பிழை இது.

கிளைகளின் கணக்கு

நம் முடிவுகள் எல்லாம் கதையை மாற்றும் என்பது விளையாட்டு தரும் வாக்குறுதி. அதைக் காப்பது எவ்வளவு கடினம் என்று ஒரு காகிதத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு முடிவுக்கு இரண்டு வழிகள். பத்து முடிவுகளுக்கு 1,024 வழிகள். இருபது முடிவுகளுக்கு 10,48,576 வழிகள். இத்தனை கதைகளை எழுத எந்த நிறுவனத்தாலும் முடியாது. ஆகவே பிரிந்த கிளைகளைச் சற்றுத் தொலைவில் மீண்டும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

சேர்த்த இடம் சில வேளைகளில் பளிச்சென்று தெரிகிறது. முதல் பாகத்தில் 'ராக்னி' என்ற பூச்சியினத்தின் கடைசி அரசி நம் கையில் சிக்குகிறாள். விடுவித்தால் இனம் பிழைக்கும். கொன்றால் ஓர் இனமே அழியும். ஆனால் அவளைக் கொன்றவர்களுக்கும் மூன்றாம் பாகத்தில் ராக்னிகள் வருகின்றன. எதிரிகள் செயற்கையாக வேறோர் அரசியைச் செய்துவிட்டார்கள் என்று கதை சமாளிக்கிறது. அதே மூன்றாம் பாகத்தில், நாம் திரட்டிய நட்புகள் எல்லாம் போர் வலிமை என்ற ஒற்றை எண்ணாகக் கூட்டப்படுகின்றன. முடிவிலோ, மூன்று பெருவழிகள் காட்டப்பட்டன. 2012 மார்ச்சில் வெளியான வடிவில் அவற்றின் காட்சிகள் ஒளியின் நிறத்தில் மாறினவே அன்றி வேறு பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் நிறுவனம் முடிவுக் காட்சிகளை விரித்து, இலவசமாக வெளியிட வேண்டியதாயிற்று. தம் முடிவுக்கு மதிப்பில்லை என்பதை மக்கள் எளிதில் பொறுப்பதில்லை.

ஒரு விஞ்ஞானியின் வாதம்

இந்தக் குறைகளையெல்லாம் மீறி இவ்விளையாட்டை உயர்த்தி நிறுத்துவது மார்டின் சோலஸ் என்ற விஞ்ஞானியின் கதை. 'குரோகன்' என்பது விரைந்து பெருகும் போர்க்குணம் கொண்ட இனம். அதை அடக்க வேறு இனத்தார் ஒரு நோயை உண்டாக்கிப் பரப்பினார்கள். அதனால் ஆயிரம் கருவில் ஒன்றே பிழைக்கும். காலப்போக்கில் குரோகன் உடல்கள் அதற்குப் பழகத் தொடங்கியபோது, நோயை மீண்டும் வலுப்படுத்தியவர்களுள் ஒருவர் மார்டின். அவர் கொடியவர் அல்லர். கணக்குகளைக் காட்டி அமைதியாக வாதிடுகிறார்: இதைச் செய்யாவிட்டால் பெரும்போர் மூளும், குரோகன் இனமே அழியும் என்கிறார். அவருடைய மாணவரோ, மனம் பொறுக்காமல், நோயை நீக்கும் மருந்தைத் தேடி உயிருள்ளவர்களைச் சித்திரவதை செய்து சோதிக்கிறார். அந்தச் சோதனைக் குறிப்புகளை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? அழித்தால், பின்னர் ஒரு குரோகன் பெண்ணின் உயிர் போகிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜி மருத்துவர்கள் கைதிகளிடம் நடத்திய சோதனைகளை அடுத்து, 1947-இல் நியூரம்பர்க் நெறிகள் வகுக்கப்பட்டதை அறிந்தவர்கள் இக்கேள்வியின் கனத்தை உணர்வார்கள். இங்கே நீலமும் சிவப்பும் நமக்குக் கைகொடுப்பதில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு மறுப்பைச் சொல்ல வேண்டும். 'வேறு வழியே இல்லை' என்ற மார்டினின் வாதத்தை நம் நாடு கேட்டிருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பல வற்புறுத்தலின் பேரில் நடந்தவை. மக்கள் தொகையை அடக்க அதுவே வழி என்றார்கள். பிறகு நடந்தது என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், புதுச்சேரியில் 1.5. பெண் கல்வியும் மகப்பேற்று மருத்துவமும் வளர்ந்து, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் வந்தபோது, பெற்றோர் தாமே குடும்பத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். விளையாட்டில் இந்த மூன்றாவது வழி முன்வைக்கப்படவே இல்லை. குரோகன்கள் பிறவியிலேயே போர்வெறியர்கள் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகு அவர்களை என்ன செய்வது என்று நம்மைக் கேட்கிறார்கள். கேள்வியை அமைத்த விதத்திலேயே பாதி விடை ஒளிந்திருக்கிறது. முடிவெடுக்கும் விசையும் குரோகன் பெண்களின் கையில் இல்லை. வெளியாளான ஷெப்பர்டின் கையில் இருக்கிறது.

1962-இல் புதுவையில்

உண்மையான தேர்வு எப்படி இருக்கும் என்பதற்குப் புதுவையே சான்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள். 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இங்கே பிறந்து இங்கே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். 18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்காகத் தந்தையே முடிவு செய்தார்.

இரண்டே வழிகள், ஆறே மாதங்கள். ஆனால் எந்த வழிக்கும் நீல நிறம் பூசப்பட்டிருக்கவில்லை. ஓய்வூதியம், நிலம், மொழி, விடுதலை உணர்வு, உறவு என்று ஒவ்வொருவரும் வெவ்வேறு எடைக்கற்களை வைத்து நிறுத்தார்கள். நிறுத்துப் பார்க்க எண்ணாமலே விட்டவர்களும் உண்டு. அதுவும் ஒரு முடிவாகவே ஆயிற்று. அதன் விளைவு பேரப்பிள்ளைகளின் பள்ளி, வேலை, வாக்குரிமை வரை தொடர்கிறது. முந்தைய இடத்துக்குத் திரும்பிச் சென்று மறு வழியையும் ஆடிப் பார்க்கும் வசதி எவருக்கும் இருக்கவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 'மாஸ் எஃபெக்ட்' மார்டினின் கதையில் உயர்கிறது; புள்ளிக் கணக்கில் தாழ்கிறது. பரமபதத்தை விட அது ஒரு படி மேலே ஏறியது என்பதில் ஐயமில்லை. ஆடுபவர் கையில் முடிவைக் கொடுத்தது. ஆனால் கூடவே விடையின் நிறத்தையும் காட்டிக் கொடுத்துவிட்டது.

மாணவ நண்பர்களே! இத்தகைய ஆட்டம் ஒன்றை அமைக்கப் பெரிய கணிப்பொறி தேவையில்லை. பென்சிலும் காகிதமும் போதும். உங்கள் ஊரில் மெய்யாகவே மக்கள் எடுக்க நேர்ந்த ஒரு முடிவைத் தேர்ந்து, அதன் கிளைகளை வரையுங்கள். எந்தக் கிளைக்கும் நிறம் பூசாதீர்கள். வரைந்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த முடிவின் பலனை அனுபவிக்கப் போகிறவர்களுக்கு, இதில் முடிவெடுக்கும் இடம் இருக்கிறதா?