நன்னூலின் கற்றல் நெறியும் ஆங்கில வகுப்பும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்னிட்டு ஓர் ஆய்வு

மொழி கற்றல் தனியொருவன் உள்ளத்துள் நிகழ்வதா, பலர் கூடி வாழும் வாழ்வில் நிகழ்வதா என்பது கல்வியியலார் நெடிது வழக்கிட்டுவரும் வினா. உருசிய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி (1896-1934) பின்னதையே வற்புறுத்தினார். சிறுவன் தனித்துச் செய்யவல்லது ஓர் எல்லை. மூத்தோர், தேர்ந்த தோழர் துணையொடு செய்யவல்லது மற்றோர் எல்லை. இவ்விரண்டன் இடைவெளியிலேயே கல்வி வளர்கின்றது என்பது அவர் கொள்கை. இதன்வழி வளர்ந்த சமூகப் பண்பாட்டு நெறியையும் நன்னூற் பொதுப்பாயிரத்தையும் ஒருங்கு வைத்து, தேனி மாவட்ட நகரங்களில் ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்வது எம் நோக்கம்.

பவணந்தியார் பாடங் கேட்டலின் வரலாறு கூறுமிடத்துக் கல்வியை அளந்தே காட்டுகின்றார். ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்பதனால் வருவது காற்பங்கே. உடன் பயில்வாரொடு பழகுவதனால் வருவது மற்றொரு காற்பங்கு. கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். ஆகவே முக்காற்பங்கு கல்வி ஆசிரியர் வாய்ச்சொல்லுக்கு அப்பால் உள்ளது. ஆசிரியர் படிக்க, மாணவர் ஒருமித்துச் சொல்லி, வினாவிடையை மனப்பாடம் செய்வதோடு முடியும் ஆங்கில வகுப்போ முதற் காற்பங்கினுள்ளேயே நின்றுவிடுகின்றது.

இப்பள்ளத்தாக்கின் பேச்சு வாழ்வே நன்னூலின் அளவைக்குச் சான்றாகும். கம்பம் பகுதியில் கன்னடத்தை இல்லமொழியாக உடைய ஒக்கலிகர் வாழ்கின்றனர். தெலுங்கு பேசும் இல்லங்களும் பல. அவ்வில்லத்துச் சிறார் தெருவில் விளையாடியே தமிழ் பழகுகின்றனர். குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் மலையாளத்தை இலக்கணம் கல்லாமலே பேசுகின்றனர். இவர்க்கு வினைத்திரிபு அட்டவணை வரைந்து காட்டியவர் யார்? மொழி வல்லமை இம்மண்ணில் குறைவன்று.

ஈண்டு ஒரு தடை எழும். தமிழுக்குத் தெருவுண்டு, மலையாளத்திற்குத் தோட்டமுண்டு. ஆங்கிலத்திற்கு இங்கே தெருவேது? தடை வலிமையுடையதே. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. ஆயினும் பயிற்றுமொழி மாறுவதனால் மட்டும் அம்மொழி பேசும் கூட்டுறவு தோன்றிவிடாது. அக்கூட்டுறவை வகுப்பினுள்ளேதான் அமைத்தல் வேண்டும்.

அதற்கு வழி யாது? லூயிஸ் மோல் முதலியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகின்றது. அமெரிக்காவின் டூசான் நகரில் மெக்சிகத் தொழிலாளர் இல்லங்களுக்கு ஆசிரியர்கள் சென்று, அங்குள்ள தொழிலறிவைக் கற்றுவந்து பாடத்திற்கு அடிப்படையாக்கினர். போடிநாயக்கனூரில் ஏலக்காயைப் பருமனும் பசுமையும் நோக்கித் தரம் பிரிக்கும் தாயின் மகள் அத்தொழிலை ஆசிரியரினும் நன்கறிவாள். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துச் சிறுவன் கொடிக்குப் பந்தலிடும் முறையை அறிவான். அறிந்த பொருளைத் தோழரொடு முதலில் தம் மொழியில் பேசி, பின்னர் ஆங்கிலத்தில் அமைத்து, கீழ்வகுப்பினர்க்கு உரைக்கச் செய்தால் நன்னூலின் முக்காற்பங்கும் நிரம்ப வழியுண்டு.

இம்முறையில் தாய்மொழிக்கு உரிய இடம் தெளிவு. உட், புரூனர், ராஸ் ஆகிய மூவர் 1976இல் ஆசிரியர் துணையைக் கட்டடச் சாரத்தோடு ஒப்பிட்டனர். சுவர் நிற்கும்வரை சாரம் வேண்டும். நின்றபின் அது நீங்கும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசிய சிறுவனைத் தண்டித்தல், சுவர் எழுமுன் சாரத்தைப் பிரிப்பதற்கு ஒப்பாகும்.

எனினும், வைகாட்ஸ்கி கூறியதை நன்னூல் முன்னரே கூறிற்று எனல் மிகையாகும். நன்னூல் காட்டுவது தெரிந்தெடுத்த மாணாக்கர்க்குரிய கல்வி. மந்தனையும் பிணியாளனையும்கூட அது மாணாக்கராகாதார் வரிசையில் வைக்கின்றது. சமூகப் பண்பாட்டு நெறியோ, துணையின்றிச் செய்யமாட்டாதவனிடத்தேதான் தொடங்குகின்றது. எல்லார்க்கும் உரிய இன்றைய பள்ளி, நன்னூலின் அளவையை ஏற்று அதன் விலக்கை விடுதல் வேண்டும்.

ஆங்கில வகுப்பை மதிப்பிடுவார் ஆசிரியர் எத்துணை நேரம் பேசினார் என்று நோக்குதல் போதாது. பின்வரிசைச் சிறுவன் பிறனொருவனுக்கு எதை எடுத்துரைத்தான் என்று நோக்குதல் வேண்டும். எஞ்சிய அரைப்பங்கு அவன் வாயில் உள்ளது.