மகப்பேற்றுக் கையேடுகளைத் தேர்ந்தெடுத்தல்: ஒரு திறனாய்வு நோக்கு

கவிதை, சிறுகதை, புதினம் ஆகியவற்றின்பால் தமிழ்த் திறனாய்வு காட்டும் அக்கறையைப் பயன்பாட்டு நூல்களின்பால் அது காட்டுவதில்லை. சமையல் நூலும் மருத்துவக் கையேடும் திறனாய்வாளரின் கண்ணில் நூல்களாகவே படுவதில்லை எனலாம். ஆயினும் பள்ளிப் படிப்பை முடித்த ஒருவர் முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை தமிழில் படிக்கும் நூல், பல வேளைகளில் இவ்வகையைச் சார்ந்ததாகவே இருக்கிறது. அவற்றுள் முதற்பிள்ளையை எதிர்நோக்கும் கணவனும் மனைவியும் வாங்கும் மகப்பேற்றுக் கையேடு தனித்து நோக்கத்தக்கது. அதில் ஒரு சொல் பிழைபட்டால் அதன் விளைவைத் தாயின் உடல் ஏற்க நேரும்.

எம்மிடம் பயின்று இப்போது தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள், உறவினர்க்கும் உடன் பணியாற்றுவோர்க்கும் எந்த நூலை வாங்கிக் கொடுக்கலாம் என எம்மிடம் வினவுவதுண்டு. மருத்துவம் பயிலாத தமிழாசிரியர் இதற்கு விடை கூறலாமா என்னும் ஐயம் இயல்பானதே. மருத்துவக் கருத்தின் சரிபிழையை மருத்துவரே கூறவேண்டும். ஆனால், ஒரு நூல் எக்காலத்தில் எழுதப்பட்டது, எவ்வூர் வாசகரை எண்ணி எழுதப்பட்டது, எச்சொல்லை எப்பொருளில் ஆள்கிறது, ஏவலையும் பரிந்துரையையும் பிரித்துக் காட்டுகிறதா என்பன பனுவல் சார்ந்த வினாக்கள். இவ்வினாக்களை எழுப்பும் பயிற்சி நமக்கு உண்டு. அப்பயிற்சியை இங்குப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

கால அளவையிலிருந்து தொடங்குவோம். தமிழ் மரபு கருவுற்ற காலத்தைப் பத்துத் திங்களாகக் கணக்கிடுகிறது. மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல், கருவில் உயிர் கடந்துவரும் இடர்களைத் திங்கள் தோறும் அடுக்கிச் சென்று பத்தாம் திங்களில் முடிப்பதை நம் மாணவரும் அறிவர். 28 நாள் கொண்ட திங்கள் பத்தெனில் 280 நாள். இறுதி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து மருத்துவர் எண்ணும் 40 வாரமும் 280 நாளே. ஆகவே மரபுக் கணக்கில் பிழையேதும் இல்லை. சிக்கல் மொழிபெயர்ப்பில் எழுகிறது. ஆங்கிலக் கையேடுகள் அதே 40 வாரத்தை ஒன்பது மாதங்களாகப் பகுக்கின்றன. அவற்றைத் தழுவிய தமிழ் நூல் 'ஒன்பதாம் மாதம்' எனத் தலைப்பிடும்போது, ஏறத்தாழ 36 முதல் 40 வரையிலான வாரங்களைக் கருதுகிறது. வீட்டில் மாமியாரோடு சேர்ந்து பத்துத் திங்கள் எண்ணும் பெண்ணுக்கோ ஒன்பதாம் மாதம் என்பது 33 முதல் 36 வரையிலான வாரங்களாகும்.

இவ்வேறுபாடு வெறும் எண் விளையாட்டன்று. 37 வாரம் நிறைவடையுமுன் நிகழ்வது குறைமாதப் பேறு. ஒன்பதாம் மாதத்தில் விட்டுவிட்டு வலி வருவது இயல்பு, வலி நெருங்கி வரும்வரை வீட்டிலேயே இருக்கலாம் என ஒரு நூல் கூறுமாயின், 34-ஆம் வாரத்தில் வலி கண்ட பெண் அதனைத் தனக்குக் கூறியதாகவே கொள்வாள். அவள் அந்நேரத்தில் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை. ஒரே நூலில் வளைகாப்பு பற்றிய இயல் பத்து மாதக் கணக்கிலும் கருவளர்ச்சி பற்றிய இயல் ஒன்பது மாதக் கணக்கிலும் அமைந்துவிடுவதும் உண்டு. பதிப்பாசிரியர் ஒருவர் ஒருமுறை ஊன்றிப் படித்திருந்தால் நீங்கியிருக்கக்கூடிய குறை இது. மாதத்தோடு வாரத்தையும் இயல்தோறும் தலைப்பிலேயே தராத நூலை, மற்றச் சிறப்புகள் எவையாயினும், நாம் பரிந்துரைப்பதற்கில்லை.

அடுத்து நூலின் ஊர். மலேசிய, சிங்கப்பூர்க் கடைகளில் கிடைக்கும் தமிழ்க் கையேடுகளிற் பெரும்பாலானவை சென்னையில் அச்சானவை. தமிழ்நாட்டு வாசகர்க்கு அவை கூறுவன பொருந்தும். கடல் கடந்து வரும்போதுதான் அவை பொருந்தாமற் போகின்றன. அவசரம் நேர்ந்தால் 108-ஐ அழைக்கச் சொல்லும் நூல் இங்குப் பயன்படாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. இதையேனும் வாசகரே உணர்ந்து திருத்திக்கொள்வர். குருதிச் சர்க்கரையின் அளவை அவ்வாறு திருத்திக்கொள்வது எளிதன்று. சென்னை நூல் அதனை 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் எனக் கூறும். நம் மருத்துவச்சாலைகள் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் எனக் குறிக்கும். வெறும் வயிற்றில் எடுத்த சோதனையில் 5.1 மில்லிமோல் என்பது கருவுற்ற பெண்ணுக்கு நீரிழிவைச் சுட்டும் எல்லை. சென்னை நூலின் அளவையில் அது 92 மில்லிகிராம். 92 என்ற எண்ணை மனத்தில் வைத்திருப்பவள் தன் அட்டையில் 6 என்று கண்டால், தனக்குச் சர்க்கரை மிகக் குறைவு என மகிழ்வாள். 18-ஆல் பெருக்க வேண்டும் என்னும் ஒரு வரி அந்நூலில் இருந்திருந்தால் இம்மயக்கம் எழாது. தெற்காசிய மரபினரான பெண்களுக்குப் பேறுகால நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி என்பதை நோக்க, இதனைச் சிறு குறையாக ஒதுக்கிவிட இயலாது.

வேறு சில விடுபாடுகளும் சட்டத்தாலும் சூழலாலும் நேர்ந்தவை. கருவின் பாலினத்தை அறிவிப்பதை இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. எனவே, நுண்ணொலிப் படம் பற்றிய இயலில் சென்னை நூல்கள் அதனைத் தொடுவதில்லை, அல்லது எச்சரிக்கையோடு நின்றுவிடுகின்றன. இங்கு அத்தகைய தடையில்லை. மாறாக, இங்கு அன்றாடம் பேசப்படும் ஒன்று அங்கே பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியை எடுத்து, ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு உண்டா எனச் சோதிப்பர். குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் நெடி ஆகாது. அது குருதியணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலைக்கு இட்டுச்செல்லக்கூடும். மூத்த பிள்ளையின் துணிகளை அந்துருண்டையிட்டு அலமாரியில் காத்து, அடுத்த பிள்ளைக்கு உடுத்துவது நம் வீடுகளின் வழக்கம். காமாலைக்கு இளவெயிலில் காட்டச் சொல்லும் அறிவுரையோ பல நூல்களில் உண்டு. மலேசிய மருத்துவ வழிகாட்டல் அதனை ஏற்பதில்லை. குருதிச் சோதனையையே வேண்டுகிறது.

இங்குள்ள தாயின் கையில் ஏற்கெனவே ஒரு நூல் இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. மலேசிய அரசுக் கிளினிக்குகள் நீண்ட காலமாக வழங்கிவரும் இளஞ்சிவப்பு அட்டையிட்ட தாய்நலப் பதிவேடே அது. அதில் ஒட்டப்படும் வண்ணக் குறிக்குப் பொருளுண்டு. சிவப்பு எனில் உடனே மருத்துவமனை. மஞ்சள் எனில் சிறப்பு மருத்துவரின் கவனிப்பு. பச்சை எனில் கிளினிக் மருத்துவர். வெள்ளை எனில் தாதியரின் கண்காணிப்பு. குழந்தையின் அசைவைக் குறித்துவரும் அட்டவணையும் அதில் அடங்கும். மலாய்மொழியில் அமைந்த இப்பதிவேட்டைத் தமிழில் விளங்கவைக்கும் நூலே நம் நாட்டுத் தாய்க்கு முதல் தேவை. 300 பக்கங்களில் வண்ணப்படங்களோடு வரும் நூல் இதனைச் செய்யவில்லையெனில், அதன் விலைக்கு ஏற்ற பயன் இல்லை என்பதே எம் கருத்து.

இனி மொழி. இங்கேதான் தமிழாசிரியரின் கண் மற்றவர் காணாததைக் காணும். "மருத்துவரை அணுகுவது நல்லது" என்னும் தொடர் இந்நூல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. கால் குடைச்சலுக்கும் அதே தொடர், குருதிப்போக்குக்கும் அதே தொடர். 'நல்லது', 'நலம்', 'செய்யலாம்', 'அறிவுறுத்தப்படுகிறது' என்பன பணிவின் பொருட்டு வந்த வடிவங்கள். வாசகரை ஏவுவது மரியாதைக் குறைவு எனக் கருதும் உரைநடை மரபு நம்முடையது. பிற இடங்களில் அதனை நாமும் போற்றுவோம். ஆனால் குருதிப்போக்கு, பனிக்குடம் உடைந்து நீர் வடிதல், பார்வை மங்கலோடு கூடிய கடும் தலைவலி, வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இடங்களில் வியங்கோளுக்கு வேலையில்லை, ஏவல்தான் வேண்டும்: "உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காலையில் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள்." அறிவுரையின் தரத்தை வினைமுற்றின் வடிவமே காட்டிவிடுகிறது. ஒரு நூலில் எல்லாத் தொல்லைகளும் ஒரே வினைமுற்றில் முடிகின்றன எனில், அதன் ஆசிரியர் அவற்றைத் தரம் பிரிக்கவில்லை என்றே கொள்ளலாம்.

கலைச்சொல் மயக்கமும் உண்டு. தாயின் கருப்பையில் ஒட்டியிருப்பது நஞ்சுக்கொடி. அதனையும் குழந்தையையும் இணைப்பது தொப்புள்கொடி. குழந்தையின் கழுத்தை நஞ்சுக்கொடி சுற்றியிருப்பதாக எழுதும் நூல், நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்தால் வலியின்றியே குருதி பெருகும் என எச்சரிக்கும்போது வாசகர் எதை எண்ணுவார்? 'கொடி' என்னும் பொதுச்சொல்லே இக்குழப்பத்திற்கு இடந்தருகிறது. இலங்கைத் தமிழர் 'சூல்வித்தகம்' எனத் தனிச்சொல் அமைத்து அதனைத் தவிர்த்துள்ளனர். இத்துறையில் ஈழத்துக்கு நெடிய மரபுண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1857-இல் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். தமிழில் மகப்பேற்று மருத்துவம் எழுத இயலாது என்பாருக்கு அது போதிய விடை. நம் நாட்டிலோ சிக்கல் வேறு. சென்னை நூல் 'சர்க்கரை நோய்' என்பதை நம் மக்கள் 'இனிப்பு நீர்' என்பர். கிளினிக்கில் தாதி 'கென்சிங் மானிஸ்' என்பார். மூன்றும் ஒன்றே என அறியாத பெண் மூன்று நோய்களுக்கு அஞ்சுவாள். வட்டாரச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும் ஒருங்கே தரும் சொற்பட்டியல் நூலின் மொழித்தூய்மைக்கு இழுக்கு என எவரேனும் கருதினால், அவரோடு நாம் உடன்படவில்லை.

பதிப்பாண்டைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946-இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் உலகெங்கும் பரவியது. அதன் 1950களின் பிற்பகுதிப் பதிப்புகள் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொல்லின. வாந்தி மூச்சுக்குழலை அடைக்காதிருக்கும் என்பது அவர் கருதிய காரணம். குப்புறப் படுக்கும் குழந்தைகளிடையே உறக்கத்தில் திடீர் இறப்பு மிகுதி எனப் பின்னர்த் தெரிந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-இல் அவ்வழக்கத்தைக் கைவிடச் சொல்லியது. நல்லெண்ணமும் புகழும் ஒரு கையேட்டுக்குக் காப்பல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நம் பதிப்புலகில் 'மறுபதிப்பு' என்பது பெரும்பாலும் மறு அச்சே. 'திருத்திய பதிப்பு' என்னும் சொல்லைத் தேடவேண்டும். அச்சொல் இருந்தாலும் ஒன்றைச் சோதிக்கலாம்: பேறுக்கு முன் தாய் மருத்துவத் தொடர்பு கொள்ளும் முறை குறைந்தது எட்டாதல் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வகுத்தது. நான்கு என்றே எழுதும் நூல் அதற்கு முந்தியது.

உணவு பற்றிய இயல்கள் எல்லா நூல்களிலும் நீண்டவை, பயன் குறைந்தவை. குங்குமப்பூ கலந்த பால் குழந்தையைச் சிவப்பாக்கும் என இன்றும் எழுதுவோர் உளர். அதற்கு அறிவியற் சான்றில்லை. சான்றின்மையைக் காட்டிலும், கருவிலிருக்கும் பிள்ளையின் நிறத்தைக் குறித்துத் தாயைக் கவலைகொள்ளச் செய்யும் அந்நோக்கே எமக்கு உறுத்துகிறது. மரபு முழுவதையும் மூடநம்பிக்கை எனத் தள்ளும் நூல்களும் நேர்மையானவையல்ல. பப்பாளி விலக்கை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எலிகளிடத்துக் காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்வதையும், நன்கு பழுத்த பழம் அவ்வாறு செய்யாததையும் காட்டிற்று. பாட்டியின் விலக்கு பாதி மெய். இத்தகைய நுண்மையோடு மரபை அணுகும் நூல் கிடைத்தால் அதனை விடாமல் வாங்கலாம்.

இந்நூல்கள் யாரை விளித்துப் பேசுகின்றன என்பதும் கருதத்தக்கது. 'தாய்மார்களே' எனத் தொடங்கித் தாயோடே முடிகின்றன. கணவனுக்கு இறுதியில் இரண்டு பக்கம், அதிலும் பொறுமையாக இருக்கச் சொல்லும் அறிவுரை. தீபகற்ப மலேசியாவில் 2023 சனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், தாய்க்கு 98 நாளும் மணமான தந்தைக்கு 7 நாளும் ஊதிய விடுப்பு வழங்குகிறது. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் தந்தையின் விடுப்பு நான்கு வாரம். சட்டம் தந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வீட்டில் அவர் என்ன செய்யவேண்டும் என்பதை நூல்கள் இன்னும் எழுதவில்லை. பேற்றுக்குப் பின் தாய்க்கு நேரும் மனச்சோர்வைத் தாய்வீட்டு ஏக்கம் என ஒற்றை வரியில் கடந்துசெல்வதும் இதனோடு தொடர்புடையதே. இரண்டு வாரத்திற்கு மேலும் உறக்கமின்மை, அழுகை, குழந்தையிடம் பற்றின்மை தொடருமாயின் அது மருத்துவம் வேண்டும் நோய். அதனை முதலில் காணக்கூடியவர் உடனிருக்கும் கணவர்.

கடையில் நின்றுகொண்டு 300 பக்கத்தையும் ஆராய இயலாது. பொருளடைவில் 'குருதிப்போக்கு' அல்லது 'இரத்தப்போக்கு' இருக்கிறதா எனப் பார்த்து அப்பக்கத்தைத் திறப்பது ஒரு வழி. முதல் மூன்று வரிகளுக்குள் செல்லவேண்டிய இடமும் விரைவும் கூறப்பட்டிருந்தால் நூலை மேலும் புரட்டலாம். ஆங்கிலம் நன்கறிந்த இணையருக்கு, 1984-இல் முதலில் வெளிவந்த ஹைடி மர்காஃபின் புகழ்பெற்ற அமெரிக்கக் கையேடு போன்றவை கிடைக்கின்றன. அதன் தொடக்கப் பதிப்புகள் அச்சமூட்டுவன என்னும் குறைகூறலுக்கு உள்ளாயின. எனவே அண்மைப் பதிப்பையே வாங்கவேண்டும். தமிழையே நம்பியிருக்கும் இணையருக்கு இப்போதைக்குச் சென்னை நூல்களுள் திருத்திய பதிப்பொன்றைத் தேர்ந்து, அதனுள் நான்கு பக்க இணைப்பொன்றை வைத்துக் கொடுப்பதே இயல்வது. வார மாத அட்டவணை, சர்க்கரை அளவை மாற்றம், பதிவேட்டு வண்ணங்களின் பொருள், தமிழ் மலாய்ச் சொற்பட்டியல், அவசர எண்கள் ஆகியன அதில் அடங்கும். உள்ளூர்த் தாதி ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்தால், ஒரு பள்ளி விடுமுறையில் அதனை எழுதி முடித்துவிடலாம்.