கீறலும் கோலமும்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த உழவர் வில்சன் பென்ட்லி. நுண்ணோக்கியோடு நிழற்படக் கருவியை இணைத்து, 1885 சனவரி 15 அன்று தனியொரு பனிப்படிகத்தைப் படமெடுத்தார். 1931-இல் வெளிவந்த அவரது 'பனிப்படிகங்கள்' நூலில் 2,400-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன.

நூலைப் புரட்டுகையில் நாம் முதலில் வியந்தோம்; பின்னர் ஐயுற்றோம். பக்கந்தோறும் அறுகோணம் பிசகாத வடிவங்கள். ஆனால் வானிலிருந்து விழும் படிகங்களுள் பெரும்பாலானவை ஒழுங்கற்றவை. பென்ட்லியோ செம்மையானவற்றையே தேடினார். பின்புலம் கருமையாகத் தெரியவேண்டி, படத்தகட்டில் படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டி நீக்கினார். அவ்வாறு செய்கையில் படிகத்தின் விளிம்பும் சிதைவுறுகிறதெனச் செருமானிய வானிலை அறிஞர் ஹெல்மான் கடிந்துரைத்தார். அக்கண்டனத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆயினும் பென்ட்லி எடுத்த சன்னல் உறைபனிப் படங்களின் முன் நம் மனம் கனிகிறது. வீட்டினுள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும், நீராவி நேரே பனிக்கட்டியாகிப் படர்கிறது. அது எங்கே வேர்விடும், எவ்வழி வளையும் என்பதைப் பெரிதும் கண்ணாடியின் கீறலும் தூசியும் துடைத்த தடமுமே முடிவுசெய்கின்றன. கீறல் தண்டாகிறது, அதிலிருந்து பெரணி இலைகள் விரிகின்றன.

புகழ் பெற்றவை முன்னவை. நம் மதிப்பில் உயர்ந்தவை பின்னவை. பழுதற்றதைத் தேர்ந்து காட்டுவது வியப்பூட்டும். பழுதின் வழியே அழகு படர்ந்ததைக் காட்டுவதோ நம்பிக்கையூட்டும். மாந்தரை மதிப்பிடும் வேளையில், அன்பர்களே, நம் கையிலும் அந்தச் சுரண்டும் கத்தி இல்லையா?