வென்றவர் அரங்கில் தோற்றவர் ஒப்பாரி

அரிஸ்டோட்டிலின் 'கவிதையியல்' நூலுக்கு உரை எழுதிய இப்னு ருஷ்த், கிரேக்கத் துன்பியலை 'மத்ஹ்', அதாவது புகழ்ப்பா எனப் புரிந்துகொண்டார். கிரேக்க நாடகத்தை மேடையில் கண்டிராத ஓர் அறிஞரின் தடுமாற்றம் எனலாம். ஆயினும் துன்பியல் அரங்கேறிய விழாவை நோக்கினால், அச்சொல் முற்றாகப் பொருந்தாததல்ல.

ஏதென்ஸின் டயனீசிய விழா பேரரசின் பெருமையைப் பறைசாற்றும் விழாவாகவும் இருந்தது. நேச நகரங்கள் என்ற பெயரில் அடங்கிக் கிடந்தவற்றின் திறைப்பணம் அரங்கின் நடுவே காட்டப்பட்டது. போரில் தந்தையரை இழந்து அரச செலவில் வளர்ந்த இளைஞர் கவசம் தரித்து அணிவகுத்தனர். அதன் பின்னரே துன்பியல் நாடகங்கள். இத்தகைய மேடையில் பேரரசை விமர்சிக்க முடிந்ததா?

பாரசீகரிடம் வீழ்ந்த மிலேட்டஸ் நகரின் அழிவை ஃபிரினிக்கஸ் நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது. தம் சொந்தத் துயரை நினைவூட்டினார் என்று அவருக்கு 1000 திராக்மா தண்டம் விதிக்கப்பட்டதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. 472இல் எஸ்கிலஸ் தமது 'பாரசீகர்' நாடகத்தில் எதிரியின் ஒப்பாரியை மேடையேற்றி முதற்பரிசு பெற்றார். எதிரியையும் மனிதனாகக் கண்டது அதன் பெருமை. ஆனால் அங்கு விசாரிக்கப்படுவது அடுத்தவரின் பேரரசு. அந்த விமர்சனத்துக்கு ஏதென்ஸ் விலை கொடுக்கவேண்டியிருக்கவில்லை.

யூரிப்பிடீஸின் 'ட்ரோய் பெண்கள்' கி.மு. 415இல் அரங்கேறியது. அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் ஏதென்ஸ் மீலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியிருந்தது. மீலோஸை மனதில்வைத்தே நாடகம் எழுதப்பட்டது எனச் சொல்வதற்குக் கால இடைவெளி போதாது என வாதிடும் ஆய்வாளர்கள் உளர். வாதம் நியாயமானதே. ஆனால் அது நாடகத்தின் வலுவைக் குறைப்பதில்லை. கி.மு. 421இல் ஸ்கியோனே நகருக்கும் இதே கதிதான் நேர்ந்தது. யூரிப்பிடீஸ் தொட்டது ஒரு சம்பவத்தையல்ல, ஒரு வழமையை.

ஹெக்டரின் மகன் அஸ்தியானக்ஸ் வளர்ந்தால் ஆபத்து என்று கிரேக்கர் அவனை மதிலிலிருந்து எறிந்து கொல்கின்றனர். ஒரு குழந்தைக்கா இந்தப் பயம் என்கிறாள் பாட்டி ஹெக்குபா. பிறகு தந்தையின் கேடயத்தையே பாடையாக்கி அவனை அடக்கத்துக்கு அனுப்புகிறாள். ஏதென்ஸின் யதீம்கள் கவசம் தரித்து நின்ற அரங்கில், ட்ரோயின் யதீம் கேடயத்தில் பிணமாகக் கிடக்கிறான். இதைவிடக் கூர்மையான விமர்சனம் அந்த மேடையில் சாத்தியமா என்பது சந்தேகமே.

பலன்? அவ்வாண்டுப் போட்டியில் யூரிப்பிடீஸுக்கு இரண்டாமிடமே கிடைத்தது. அதே கோடையில் ஏதென்ஸின் கடற்படை சிசிலியை வெல்லப் புறப்பட்டு, கி.மு. 413இல் அழிந்தது. நாடகம் பார்த்தவர்களுள் எத்தனையோ பேர் அக்கப்பல்களில் சென்றிருப்பர். கண்ணீர் போரைத் தடுக்கும் என்று நம்புவோர் இதை மறக்கலாகாது.

எனினும் துசிடிடீஸின் வரலாற்றில் மீலோஸின் ஆண்கள் நெடிதாக வாதாடுகின்றனர். பெண்களுக்குக் கிடைத்தது அடிமைகளாக்கப்பட்டனர் என்ற குறிப்பு மட்டுமே. அந்தக் குறிப்பினுள் அடங்கிய வாழ்க்கையை, ஆண் நடிகர்களின் வாயிலாகவேனும், வென்றவர் காதில் விழச்செய்தவர் யூரிப்பிடீஸ். இப்னு ருஷ்த் அந்த அரங்கில் இருந்திருந்தால், 'மத்ஹ்' என்பதை அழித்துவிட்டு 'மர்ஸியா' என எழுதியிருப்பார்.