தனித்துவமும் அடையாளமும்: சில்லின் ரேகை பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரே வரைபடத்தின்படி ஒரே ஆலையில் ஆக்கப்படும் இரு சில்லுகள் முற்றாக ஒத்திருப்பதில்லை. உற்பத்தியின்போது நேரும் நுண்ணிய வேறுபாடுகளால் ஒன்றில் மின்சைகை சற்று விரையும். மற்றொன்றிற் சற்றுத் தாமதிக்கும். குறையெனக் கருதப்பட்ட இவ்வேறுபாட்டையே இலத்திரனியற் கருவிகளின் பாதுகாப்பிற்கு அடிப்படையாக்கலாம் என்பதை 2002இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த கசென்ட், கிளார்க், வான் டைக், தேவதாஸ் ஆகியோர் எடுத்துக்காட்டினர். இவர்களுள் சிறீனிவாஸ் தேவதாஸ் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்றவர்.

இம்முறையின் சிறப்பு வெளிப்படை. இரகசியத் திறவு நினைவகத்தில் எழுதிவைக்கப்படுவதில்லை. மின் செலுத்தப்படும் வேளையிற் சில்லின் உடலிலிருந்தே பெறப்படுகின்றது.

எனினும், 'படியெடுக்கவியலாதது' என்று இதற்கு வழங்கும் பெயரை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. ஒரு சில்லிடம் கேட்கப்பட்ட வினாக்களையும் அது அளித்த விடைகளையும் போதிய அளவு திரட்டினால், அதன் நடத்தையைக் கணனிக்குக் கற்பித்துவிடலாம் என்பதை 2010இல் றூர்மயரும் பிறரும் இத்தகைய பல அமைப்புகளில் நிறுவினர்.

இதனினும் அடிப்படையான வினா ஒன்றுண்டு. சில்லு தன்னைத் தானே நிரூபிப்பதில்லை. அதன் விடைகள் முன்னரே பதியப்பட்டிருத்தல் வேண்டும். பதிவேடு எவர் கையில் உளதோ, அவரே ஏற்கவும் மறுக்கவும் வல்லவர். தனித்துவம் பொருளின் இயல்பு. அடையாளமோ சமுதாய உறவின்பாற்பட்டது.

இவ்வுண்மையை மலையக வரலாறு தெளிவாக உணர்த்தும். கண்டி மாவட்டத்தின் மடுல்கெல்ல போன்ற தோட்டப் பகுதிகளிற் கொழுந்தெடுத்த ஒவ்வொருவர் விரலிலும் தனித்துவமான ரேகை இருந்தது. அவர்தம் பெயர்கள் செக்ரோலிற் பதியப்பட்டும் வந்தன. ஆயினும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டமோ, 1946 ஜனவரிக்கு முன் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் தொடர்ந்து வதிந்தமைக்குச் சான்று கோரியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளும் பங்கிடவேண்டிய எண்ணிக்கையாகவே நோக்கியது. அவர்களை இனங்காண முடியாமையால் நேர்ந்ததன்று இது. எச்சான்று செல்லும் என வரையறுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லாமையால் நேர்ந்தது. எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது மாறியது ரேகையன்று, சட்டமே.

எனவே, சில்லின் நுண்மையை வியப்பதோடு நாம் அமைதல் கூடாது. பதிவேடு எவரிடம் உள்ளது, மறுக்கப்பட்டவர் அதனை எதிர்த்து வினவ வழியுண்டா என்பனவும் இத்தொழில்நுட்பத்தை மதிப்பிடும் அளவுகோல்களாதல் வேண்டும்.